சோறு இலவசம், தாளிப்புக்குக் காசு

தம்மம்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலை போட்டதும் சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாமே இலவசம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கல்லாவில் யாரும் கை நீட்ட மாட்டார்கள். ஆனால் சாம்பாரில் தாளிப்பு இருக்காது. கடுகு பொரிந்து, கறிவேப்பிலை முறுகி, பெருங்காயம் மணக்கும் அந்த ஒரு கரண்டிக்குத் தனிக் காசு. தாளிக்காத சாம்பாரிலும் வயிறு நிறையும். பக்கத்து இலையில் ‘சொய்ங்’கென்று ஒரு கரண்டி விழும்போதுதான் தன் இலையில் என்னமோ குறைகிறாற்போலத் தோன்றும்.

ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்ற செல்போன் விளையாட்டுகளின் வியாபாரம் இதுதான். இறக்கிக்கொள்ளக் காசில்லை, விளையாடக் காசில்லை. உடை, தலைமுடி, துப்பாக்கிக்கு மேல்பூச்சு, ஜெயித்தபின் போடும் ஆட்டம் போன்றவைதான் விற்பனைக்கு. பையன்கள் இவற்றை ஸ்கின், பண்டில், எமோட் என்பார்கள். ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டத்துக்கு 50 பேர் இறங்குகிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒருவர் உடையை மற்றவர் பார்க்கும் சில நொடிகள் உண்டு. மெஸ்ஸின் பந்தி அதுதான். இலவசமாகச் சாப்பிட வந்தவர்களை முதலாளி நஷ்டமாக நினைப்பதில்லை. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் தாளிப்பின் மணத்தை யார் பிடிப்பது?

விலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் சிக்கல். தம்மம்பட்டியில் மரத்தில் சாமி சிலை செதுக்குபவரிடம் விலை கேட்டால், மரத்தின் விலையைச் சொல்வார், உயரத்தைச் சொல்வார், எத்தனை நாள் உளி பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்வார். பேரம் பேசலாம். ஆனால் இன்னதற்குக் கீழே இறங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஸ்கின்னுக்கு அப்படி ஓர் அடிமட்டம் கிடையாது. முதல் ஸ்கின்னை வரைய ஓவியர்களுக்குச் சம்பளம் உண்டு. வரைந்து முடித்தபின் பத்து லட்சமாவது ஆளுக்குக் கொடுக்க மேற்செலவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆப் ஸ்டோர்களுக்குப் போகும் 30 சதவீதம் வரையிலான கமிஷனும் வரியும்கூட விற்ற தொகையில்தான் கழிகின்றன. எனவே ‘எவ்வளவு செலவானது’ என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. ‘இந்த ஆளிடம் எவ்வளவு பெயரும்’ என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. கீழே சொல்லும் அத்தனை ஏற்பாடும் அந்தக் கேள்விக்கான பதில்கள்.

தொடக்கத்தில் இது எளிமையாகத்தான் இருந்தது. 2006 ஏப்ரலில் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. இதற்குமா காசு என்று ஊரே கேலி செய்தது. ஆனாலும் ஒரு பொருள், ஒரு விலை. வேண்டுமென்றால் வாங்கு, இல்லாவிட்டால் போ. இன்று பல விளையாட்டுகளில் நாம் தேடிப் பிடிக்க வேண்டியது அந்த நேர்மையான விலைச்சீட்டைத்தான்.

இப்போதைய மெஸ்ஸில் கல்லாவுக்குப் போனால் ரூபாயை வாங்கிக்கொண்டு நேராகத் தாளிப்பு தர மாட்டார்கள். முதலில் டோக்கன் வாங்க வேண்டும். ஃப்ரீ ஃபயரில் அதற்கு டைமண்ட் என்று பெயர்; பிஜிஎம்ஐயில் யூசி. 2021 வாக்கில் இந்தியாவில் 100 டைமண்ட் 80 ரூபாய், 520 டைமண்ட் 400 ரூபாய், 1,060 டைமண்ட் 800 ரூபாய், 5,600 டைமண்ட் 4,000 ரூபாய். சின்னப் பொட்டலத்தில் ஒரு டைமண்டுக்கு 80 காசு, பெரியதில் 71 காசு. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நம்மூர் மளிகைக் கடையிலும் உள்ள வழக்கம்தான். கவனிக்க வேண்டியது வேறு. டோக்கன் பொட்டலத்தின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தாது. அந்தக் காலத்தில் மாதாமாதம் வந்த எலைட் பாஸ் என்ற கார்டு 499 டைமண்ட். 520 பொட்டலம் வாங்கினால் 21 மிச்சம். அந்த 21-க்கு உருப்படியாக ஒன்றும் வராது. ரூபாயாகத் திரும்பவும் வராது. ‘கையில்தான் 21 இருக்கே, இன்னும் கொஞ்சம் போட்டால் போதுமே’ என்ற எண்ணத்துக்கு விதையாக அது கணக்கில் கிடக்கும்.

டோக்கனின் இன்னொரு வேலை, விலையை மறக்கடிப்பது. பேருந்து நிலையத்து ரீசார்ஜ் கடையில் இந்தப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும்:

“அண்ணா, கூகுள் பிளே ரிடீம் கோடு ஒண்ணு வேணுங்ணா.”

“எவ்ளோக்குடா?”

“நூறு டைமண்ட் வர்ற மாதிரி போடுங்ணா.”

கடைக்காரர் ரூபாயில் கேட்கிறார். பையன் டைமண்டில் பதில் சொல்கிறான். அவன் மனக்கணக்கு டைமண்டில்தான் ஓடுகிறது. 80 ரூபாய்க்கு ஒரு சட்டைப் படமா என்று எந்த வீட்டிலும் கேட்பார்கள். 100 டைமண்டுக்கு ஒரு சட்டை என்றால் அதிகமா குறைவா என்று சொல்ல வீட்டில் யாருக்கும் அளவுகோல் கிடையாது.

அடுத்தது, இன்றைய ஸ்பெஷல். மெஸ்ஸில் வாழைப்பூ வடை இன்றைக்கு மட்டும்தான் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பூ தீர்ந்தால் வடை தீர்ந்தது, நாளைக்கு வைத்தால் ஊசிப்போகும். ஸ்கின் ஊசிப்போகாது, தீரவும் தீராது. ‘இன்னும் 3 நாள் மட்டும்’ என்று திரையில் ஓடும் கடிகாரத்துக்குப் பின்னால் காலியாகும் சட்டி எதுவுமில்லை. பற்றாக்குறையைக் கடிகாரமே சமைக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் முதலாவது, பொய்யான அவசரத்தைக் கிளப்புவது. ஹோட்டல் அறை, விமான டிக்கெட் விற்கும் தளங்களைப் பற்றிப் பேசும்போது இந்த விதியை எடுத்துக் காட்டுகிறோம். ஸ்கின் கடைக்கும் இது பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாஸ் என்பது மெஸ்ஸின் மாதக் கார்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. முன்பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக முப்பது நாள் தாளிப்பும் வந்துவிடாது. தினமும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அன்றன்றைய கரண்டி விழும். வராத நாள் போனது போனதுதான். ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 950 வி-பக்ஸ் (அங்கே டோக்கனுக்கு அதுதான் பெயர்) கொடுத்து பாஸ் வாங்கி, சீசன் முழுக்க விளையாடி முடித்தால் 1,500 வி-பக்ஸ் வரை திரும்பி வரும் என்று நெடுநாள் வைத்திருந்தார்கள். கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருகிறார்களே, அவர்களுக்கு என்ன லாபம் என்று தோன்றும். அவர்களுக்கு வேண்டியது நாள் தவறாத வருகை. பந்தியில் ஆள் இருந்தால்தான் மற்றவற்றை விற்க முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கார்டில் ரூபாய்ச் செலவு குறைவு. படிக்கும் நேரம்தான் பெருஞ்செலவு.

இனி மூடி போட்ட தூக்குப்போசி. கல்லாவில் நூறு போசிகள் வரிசையாக இருக்கின்றன. எதை எடுத்தாலும் ஒரே விலை. பெரும்பாலானவற்றில் வெறும் கடுகு. ஏதோ ஒன்றில் நெய்யில் வறுத்த முந்திரி. திறந்து பார்த்த பிறகு திருப்பித் தர முடியாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் 2013 முதல் பெட்டிகள் இப்படி வருகின்றன. ஒரு பெட்டியைத் திறக்கும் சாவி 2.49 டாலர். உள்ளே என்ன கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியைச் சீனா 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனால் அந்நாட்டில் இந்த விளையாட்டை நடத்தும் நிறுவனம் வாய்ப்புகளைச் சொன்னது. எல்லாரும் ஆசைப்படும் கத்தி கிடைக்க வாய்ப்பு சுமார் 0.26 சதவீதம். சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல். ‘385 திறந்தால் நிச்சயம் ஒன்று வரும்’ என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பெட்டியும் தனிக் கணக்கு. முந்தைய தோல்விகள் எதுவும் அதற்குத் தெரியாது. 385 பெட்டியைத் திறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கத்தி இல்லாமல்தான் எழுந்து போவார்கள். பெல்ஜியம் 2018 ஏப்ரலில் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

நம் பையன்களுக்கு அதிகம் பழக்கமானது ஃப்ரீ ஃபயரின் ‘ஃபேடட் வீல்’. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா உத்தியும் இதில் ஒன்றாகக் கொதிக்கிறது. சக்கரத்தில் பத்துப் பரிசுகள். பெரிய பரிசைத் தவிர, வேண்டாத இரண்டை நாமே நீக்கலாம். மிச்சம் எட்டு. ஒருமுறை வந்த பரிசு மறுபடி வராது. ஆகவே எட்டுச் சுற்றில் எல்லாமே நமக்கு. பல சக்கரங்களில் முதல் சுற்று 9 டைமண்ட். பிறகு 19, 39, 69, 99, 149, 199, கடைசிச் சுற்று 499. கூட்டினால் 1,082.

ஒரு வகையில் இது தூக்குப்போசியைவிட எவ்வளவோ மேல். போசிக்கு முடிவே இல்லை. இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1,082-க்கு மேல் ஒருவனும் ஏமாற முடியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 1,082 என்ற எண் சக்கரத்துக்கு மேலே பெரிதாக எழுதியிருப்பதில்லை. கண்ணில் படுவது 9 மட்டும். ஏழெட்டு ரூபாய்தானே என்று கை போகும். நான்கு சுற்று முடிந்தால் 136 டைமண்ட் போயிருக்கும், பெரிய பரிசு இன்னும் உள்ளேயே இருக்கலாம். இப்போது மீதி நான்குதான், வாய்ப்பு கூடிக்கொண்டே வருகிறது என்று மனசு சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் அதைவிட வேகமாக விலை ஏறுகிறது. ஏழு சுற்றுக்கு 583 கொடுத்தவன், கடைசிப் பரிசு உறுதி என்று தெரிந்த நிலையில், 499-ஐ விட்டுவிட்டு எழுந்திருப்பானா? எட்டுக்கும் சம வாய்ப்பு என்றால் பெரிய பரிசுக்குச் சராசரியாக ஏறக்குறைய 315 டைமண்ட் போதும். விளையாடும் பிள்ளைகளைக் கேட்டால், ‘கடைசி ரெண்டு ஸ்பின்லதாங்க வரும்’ என்பார்கள்.

இதோடு மேலே சொன்ன 2021 வாக்கிலான டோக்கன் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். வேண்டியது 1,082. 800 ரூபாய்ப் பொட்டலத்தில் இருப்பது 1,060. கடைசிச் சுற்றுக்கு 22 குறையும். இன்னொரு 80 ரூபாய்க்கு 100 வாங்கினால் மொத்தம் 880 ரூபாய், மிச்சம் 78 டைமண்ட். அடுத்த வாரம் வேறொரு சக்கரம் வரும். அதன் முதல் நான்கு சுற்றுக்கு 136 வேண்டும். 78 ஏற்கெனவே கையில்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் உவமை பொய்யாகிவிடும். தாளிப்பு இல்லாமலும் வயிறு நிறையும் என்றேன். பிஜிஎம்ஐயின் துப்பாக்கி ஸ்கின் அப்படித்தான், வெறும் அழகு. ஃப்ரீ ஃபயரின் துப்பாக்கி ஸ்கின்கள் பலவற்றில் சுடும் வேகமும் தாக்கமும் கூடக்குறைய மாறும். அங்கே தாளிப்பு என்ற பெயரில் சோற்றையே விற்கிறார்கள். காசு கொடுக்காதவன் பார்க்க மங்கலாகத் தெரிவதோடு நிற்காமல் தோற்கவும் செய்கிறான். இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிள்ளை காசு கேட்பதெல்லாம் பகட்டுக்காக இல்லை; சில நேரம் பந்தியில் உட்காரவே காசு தேவைப்படுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற அதன் இரட்டைப் பிறவி கூகுள் பிளேயில் தொடர்ந்தது. அந்தத் தடைக்கான காரணம் நாட்டின் பாதுகாப்பு; சக்கரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் குறி ரம்மி, போக்கர் போன்ற பண ஆட்டங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களைத்தான் தடுக்கிறது. சக்கரத்திலிருந்து விழும் சட்டையை விற்றுக் காசாக்க முடியாது. அதனால், நான் புரிந்துகொண்ட அளவில், அது வேலிக்கு வெளியே நிற்கிறது. ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் இன்னொரு பக்கமிருந்து வந்தன: டோக்கனில் விலை சொன்னால் பக்கத்திலேயே உண்மைப் பணத்திலும் சொல்ல வேண்டும், பொருந்தாத பொட்டலங்களை வாங்க வைக்கக் கூடாது. நமக்கு உடனே வேண்டியது இதுதான். சக்கரத்தின் மேல் ‘880 ரூபாய் வரை ஆகலாம்’ என்று தமிழில் ஒரு வரி இருந்தால், பாதிப் பிள்ளைகள் முதல் சுற்றுக்கு முன்பே அக்காவிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை கேட்பார்கள்.

அந்த வரி வரும்வரை வீட்டிலேயே செய்யக்கூடியவை சில. முதல் சுற்றின் விலையைப் பார்க்காமல் எல்லாச் சுற்றையும் கூட்டி, அதை வாங்கும் பொட்டலத்தின் ரூபாயாக மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாக வரும். கூகுள் பிளே அமைப்புகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அப்பா போனில் தெரியாமல் பணம் போய்விட்டால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயின் ஆர்டர் பட்டியலில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு பொதுவாக விளையாட்டு நிறுவனத்திடம்தான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.