தூண்டிலும் விராலும்

நாஞ்சில் நாட்டில் வெயில் தாழ்ந்த பிறகு ஏதாவது ஒரு குளத்தின் கரைமேல் நடந்து பாருங்கள். ஆளுக்கொரு மூங்கில் கம்புடன் நாலைந்து பேர் நீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் இருப்பான். அவன் பக்கத்தில் எழுபது வயதுப் பெரியவர் இருப்பார். "பாட்டா, கொத்துதா?" என்று அவன் கேட்பான். "இப்பந்தான மக்கா வந்திருக்கேன், பொறு" என்பார் அவர். இரை தீர்ந்துபோனவருக்கு அடுத்தவர் தம் சிரட்டையிலிருந்து மண்புழு கொடுப்பார். ஒருவர் மீன் இழுத்தால் எல்லோரும் எழுந்து வந்து பார்ப்பார்கள். மீன் கிடைக்காத நாளிலும் இவர்கள் மறுநாள் வரத் தவறுவதில்லை.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. அமெரிக்காவில் 'பாஸ்' என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பது கோடிக்கணக்கான மக்களின் பொழுதுபோக்கு. 'பெருவாய் பாஸ்' என்னும் இனத்தில் 10 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான மீன் ஒன்று 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டது. அந்த எடைக்கு ஈடான இன்னொன்று கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே பாஸ் மீனுக்கு உள்ள இடம் நம் குளங்களில் விராலுக்கு உண்டு. இரண்டும் பதுங்கியிருந்து பாயும் மீன்கள். இரண்டும் குஞ்சுகளைக் காவல் காப்பவை. இந்தக் காவல் குணத்தில்தான் தூண்டில்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. அதற்கு முன் தூண்டிலைப் பற்றிச் சிறிது காண்போம்.

தக்கை சொல்லும் கணக்கு

கம்பு, இழை, தக்கை, ஈயக் குண்டு, முள் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே தூண்டில். கடையில் 'தங்கூஸ்' என்று கேட்டு வாங்கும் இழை நைலானால் ஆனது. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்த சிறு கூர் ஒன்று இருக்கும். குத்திய முள் திரும்ப வழுவி வராமல் தடுப்பது இதுவே.

கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடப்பதை நமக்கு அறிவிக்கும் கருவி தக்கை. பழைய தூண்டில்காரர்கள் தடித்த தக்கையை விட்டுவிட்டு மயிலிறகின் தண்டைத் தேர்ந்தெடுப்பது ஏன்? ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிதக்கும் பொருளை நீருக்குள் முழுதும் அமிழ்த்த வேண்டுமானால், அதன் வெளியே தெரியும் பகுதியின் பருமனுக்குச் சமமான நீரின் எடையளவு விசை வேண்டும். 2 செ.மீ. குறுக்களவுள்ள தக்கை 2 செ.மீ. உயரம் வெளியே தெரியும்படி நின்றால், அதை அமிழ்த்தச் சுமார் 6 கிராம் எடைக்குரிய விசை தேவை. 4 மி.மீ. குறுக்களவுள்ள இறகுத் தண்டு அதே உயரம் வெளியே நின்றால் கால் கிராம் போதும். அதாவது இறகுத் தண்டு 25 மடங்கு நுட்பமானது. சிறு கெண்டை இரையை நக்கினாலும் அது ஆடும்.

ஆட்டத்தின் விதத்தைக் கொண்டே மீனை ஊகிப்பவர்கள் உண்டு. படபடவென்று துடித்தால் சிறு மீன்கள் இரையைக் கொறிக்கின்றன என்று பொருள். ஒரே இழுப்பில் தக்கை மறைந்து, இழை பக்கவாட்டில் ஓடினால் வாய் பெரிய மீன் ஒன்று இரையை விழுங்கிவிட்டது எனலாம்.

பேசினால் மீன் ஓடுமா?

"சத்தம் போடாதே, மீன் ஓடிவிடும்" என்று சிறுவர்களை அதட்டுவது வழக்கம். இது எவ்வளவு உண்மை?

மீனுக்குச் செவி உண்டு. வெளியே தெரியாமல் தலைக்குள் இருக்கிறது. உடலின் இரு பக்கங்களிலும் செவுள் மூடி முதல் வால் வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பும் உண்டு. அருகே நீர் அசைவதை அது உணர்கிறது. ஆகவே மீன் செவிடு அன்று. ஆனால் நம் பேச்சு அதன் செவிக்கு எட்டுவது அரிது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டரும் நீரில் சுமார் 1,480 மீட்டரும் செல்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் நீர்ப்பரப்பில், காற்றில் வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே நுழைகிறது. மற்றதெல்லாம் மேலேயே திரும்பிவிடுகிறது.

கரையில் 'தொம் தொம்' என்று நடப்பது வேறு. அந்த அதிர்வு மண்ணின் வழியாக நேரே நீருக்குள் இறங்குகிறது. மீன் உடனே விலகுகிறது. எனவே ஊர்க்கதை பேசுங்கள், சிரியுங்கள். காலை மட்டும் மெல்ல வையுங்கள். குளக்கரைத் தோழமைக்கு இயற்பியல் தடை சொல்லவில்லை!

மீனின் வட்டச் சன்னல்

ஓசையைவிட நம் உருவமே மீனை அதிகம் எச்சரிக்கிறது. காற்றிலிருந்து நீருக்குள் புகும் ஒளி வளைகிறது. அதனால் நீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கித் தெரிகிறது. இந்தச் சன்னலின் விரிகோணம் சுமார் 97 பாகை. அரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அது 1 மீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவுள்ள வட்டம். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடியைப் போலக் குளத்தின் அடித்தரையைக் காட்டும்.

கரையோரத்தில் நிமிர்ந்து நிற்பவரின் உருவம் அந்தச் சன்னலுக்குள் உயர்ந்து தெரியும். அவர் சற்றுப் பின்வாங்கி உட்கார்ந்துவிட்டால் உருவம் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். கைதேர்ந்தவர்கள் உட்கார்ந்தே தூண்டில் போடுவதற்கு முழங்கால் வலி மட்டும் காரணம் அன்று.

நீரில் மூழ்கிச் சாகும் மீன்

இனி விராலுக்கு வருவோம். உருண்டு நீண்ட உடலும், பாம்பை நினைவூட்டும் செதில் தலையும், அகன்ற வாயும் கொண்ட மீன் இது. தவளை, சிறு மீன், பூச்சி எல்லாம் அதற்கு உணவு. தாமரை இலை நிழலிலோ கோரைப் புல் நடுவிலோ அசையாமல் காத்திருந்து, எட்டும் தூரத்தில் இரை வந்ததும் பாயும்.

இதன் மூச்சு வியப்பானது. விராலுக்குச் செவுள்கள் இருந்தாலும் அவை மட்டும் போதா. செவுள்களுக்கு மேலே தலையின் இருபுறமும் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் இரத்த நாளங்கள் நிறைந்துள்ளன. சில நிமிடங்களுக்கு ஒரு முறை விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு இறங்குகிறது. வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் இந்த மீன் மூச்சுத் திணறி இறந்துவிடும்!

கோடையில் குளம் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் புதைந்து அது பிழைத்திருப்பதும், சந்தையில் சிறிது நீருள்ள பானையில் நெடுநேரம் உயிருடன் இருப்பதும் இந்தக் காற்றறைகளால்தான். நீர் மேல் 'பளக்' என்று ஓர் ஓசையும், விரியும் ஒரு வளையமும் தோன்றினால் பாட்டாமார் உடனே அந்தப் பக்கம் இரையை வீசுவதன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

காவல் நிற்கும் பெற்றோர்

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களின் வழியே வந்து நாஞ்சில் நாட்டுக் குளங்களை நிரப்புகிறது. குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைந்ததும் இதனால்தான். புதுநீர் வந்து கரையோரப் புல் மூழ்கும் காலமே விராலின் இனப்பெருக்கக் காலம்.

விரால் இணை ஆழமற்ற இடத்தில் நீர்ச்செடிகளை விலக்கி ஒரு வட்டத்தை உண்டாக்குகிறது. முட்டைகளுக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அவை மேலே மிதக்கின்றன. ஓரிரு நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. செம்மஞ்சள் நிறமுள்ள ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாக நீந்துகின்றன. இவையும் காற்றுக்காக மேலே வருவதால் அந்த இடத்தில் நீர் கொதிப்பது போலத் தோன்றும். திரளுக்குக் கீழே பெற்றோர் காவல் நிற்கின்றன. குஞ்சுகள் வளர்ந்து நிறம் மாறிக் கலைந்து செல்லும்வரை, சில வாரங்களுக்கு, இந்தக் காவல் நீடிக்கிறது.

இந்த நாட்களில் குஞ்சுத் திரளின்மேல் எது வந்தாலும் பெரிய மீன் பாய்ந்து கடிக்கும். பசியால் கடிப்பதன்று, பகைவனை விரட்டக் கடிப்பது. ஆகவே ஆண்டு முழுவதும் நம்மை ஏமாற்றும் விரால், குஞ்சுடன் இருக்கும்போது மிக எளிதாகத் தூண்டிலில் மாட்டிக்கொள்கிறது. செந்நிறத் திரளைக் கண்டதும் அதன் நடுவே தூண்டிலை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர் வீட்டுக் குழம்புக்குப் போவது ஒரு மீன். காவல் இழந்த குஞ்சுகளோ கெண்டைக்கும் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகின்றன. அடுத்த ஆண்டுக்குரிய விரால்கள் ஒரு மாலைக்குள் தீர்ந்துபோகின்றன.

அமெரிக்கக் குளத்திலும் இதே கதை

பெருவாய் பாஸ் மீனில் ஆண் மீனே காவலாளி. அது குளத்தின் அடியில் வாலால் மண்ணைத் தள்ளிப் பள்ளம் அமைக்கிறது. பெண் முட்டையிட்டுச் சென்றபின் முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கிறது. ஆண் மீனைத் தூண்டிலில் எடுத்துவிட்டால் என்ன நடக்கிறது என்று வட அமெரிக்க உயிரியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். சில நிமிடங்களுக்குள் பிற மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும், நெடுநேரம் வெளியே வைத்திருந்தால் அது களைத்துப்போய்க் கூட்டைக் கைவிடுவதும் உண்டு. இதனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில், முட்டையிடும் வசந்த காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை இருக்கிறது.

பிடித்த மீனை உயிருடன் திரும்ப விடும் பழக்கம் 1972 முதல் அமெரிக்கப் பாஸ் போட்டிகளில் வற்புறுத்தப்பட்டு வருகிறது. எடை பார்க்கும்வரை மீனைப் படகிலுள்ள நீர்த்தொட்டியில் வைத்திருந்து, பிறகு ஏரியில் விடுகிறார்கள்.

ஊர் மாறிய மீன்கள்

இதே பாஸ் மீனை 1925-இல் ஜப்பானுக்குக் கொண்டுபோய் ஓர் ஏரியில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவி உள்நாட்டுச் சிறு மீன்களைத் தின்று தீர்த்ததால், 2005 முதல் அதை உயிருடன் கொண்டுசெல்வதும் புதிய இடத்தில் விடுவதும் அங்கே சட்டப்படி குற்றம். விராலின் உறவினமான சீன நாட்டு மீன் ஒன்று 2002-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் குளம் ஒன்றில் காணப்பட்டபோது, குளத்தில் நஞ்சிட்டு அதை ஒழித்தார்கள். அமெரிக்கருக்கு இனியது ஜப்பானியருக்குப் பகை. விரால் இனம் அமெரிக்கருக்குப் பகை!

நம் குளங்களும் இதற்கு விலக்கல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது கடினம். காவல் இல்லாத விரால் குஞ்சுகளுக்கு அதுவும் ஓர் ஆபத்து. வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ, தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போன அழகு மீனையோ குளத்தில் விடுவது ஒருபோதும் ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியவை

செந்நிறக் குஞ்சுத் திரளைக் கண்டால் அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள்; புதிதாக வருபவருக்கும் சொல்லுங்கள். சிறிய மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்துவிட்டு விடுங்கள். உலர்ந்த கை மீனின் உடலிலுள்ள வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும். அந்தப் படலமே நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நம் விரலுக்கும் நல்லது.

இரையாக உயிருள்ள தவளையைக் கோக்க வேண்டாம். வயல் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுவது தவளை. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். தாமரை இலைமேல் தத்திச் செல்லும் ரப்பர் தவளைக்கும் விரால் பாயத்தான் செய்கிறது.

அறுந்த தங்கூஸைக் கரையில் எறியாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நைலான் எளிதில் மட்குவதில்லை. பறவைகளின் காலிலும் அலகிலும் சுற்றினால் அவை பறக்க முடியாமல் மடியும். நம் மாவட்டத்துச் சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஆகிய நீர்நிலைகள் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதை மறக்கலாகாது. மீன்பிடிக் குத்தகைக்கு விடப்பட்ட குளமானால் குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். பெரும்பாலும் ஒரு தூண்டிலுக்கு அவர் மறுப்புச் சொல்லமாட்டார்.

குளக்கரையில் அறிமுகமில்லாதவர்கள்கூட இரையையும் இடத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்தக் கோரைப்புதரில் குஞ்சுத் திரள் இருக்கிறது என்ற செய்தியையும், அங்கே யாரும் தூண்டில் இறக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அவர்கள் அதே போலப் பகிர்ந்துகொண்டால் போதும். அரசாணை வந்து காக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மழைக்குத் தப்பிய குஞ்சுகள் இரண்டு ஆண்டில் கிலோ எடையை நெருங்கும். இன்று பாட்டாவுக்குப் பக்கத்தில் புழு கோக்கப் பழகும் பையனின் தூண்டிலுக்கு உரியவை அவை.