சிங்கப்பூர் நகராட்சியின் பழைய ஏடுகள்

மன்னர்களின் பெருமையைக் கல்வெட்டுகள் கூறும். போர்களின் கதையைச் சரித்திர நூல்கள் கூறும். ஆனால் ஒரு நகரத்தின் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வந்தது, தெருவில் விளக்கு எப்போது எரிந்தது, கழிவு எவ்வாறு அகற்றப்பட்டது என்பனவற்றை எதில் காண்பது? நகராட்சியின் கூட்டக் குறிப்புகளிலும் ஆண்டறிக்கைகளிலும் கணக்கேடுகளிலும் கட்டட வரைபடங்களிலும்தான் காண வேண்டும். எளிய மக்களின் அன்றாட வாழ்வுக்கு இவற்றினும் சிறந்த சான்று அரிது. இதற்குச் சிங்கப்பூர் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்வேடுகளைப் பயன்படுத்த விரும்புவோர் முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நூல்நிலையத்தில் நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுகின்றன. ஆவணக் காப்பகத்தின் முறை வேறு. எந்த அலுவலகம் ஓர் ஆவணத்தை உண்டாக்கியதோ, அந்த அலுவலகத்தின் பெயரிலேயே, அது வைத்திருந்த வரிசையிலேயே அங்கு அது பாதுகாக்கப்படுகின்றது. ஆகவே “தண்ணீரைப் பற்றிய ஏடு எங்கே?” என்று கேட்பதைவிட, “அந்த ஆண்டில் தண்ணீர் வழங்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது?” என்று கேட்பதே பயன் தரும்.

சிங்கப்பூரில் அப்பொறுப்பு பல கைகள் மாறியது. 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முனிசிபல் கமிஷனர்கள் குழு அமைந்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் நகர எல்லையை நாட்டுப்புறத்தினின்று பிரித்தது. 1951 செப்டம்பர் 22ஆம் நாள் சிங்கப்பூர் மாநகர் என்னும் தகுதி பெற்றபோது முனிசிபாலிட்டி நகரசபையாயிற்று. 1957 டிசம்பரில் அதன் 32 உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1959இல் நகரசபையின் பணிகளை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 1963 மே 1ஆம் நாள் தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகிய மூன்றும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வந்தன. வீடமைப்பிலும் இவ்வாறே: 1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனத்தின் பணியை 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்றது. இவ்வரிசையை அறியாதவர் 1930ஆம் ஆண்டின் தண்ணீர்க் கணக்கை 1963இல் பிறந்த கழகத்தின் பெயரில் தேடி ஏமாறுவர்.

இனித் தண்ணீரின் கதையையே பார்க்கலாம். 1857இல் டான் கிம் செங் என்னும் சீன வணிகர், நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டு வருவதற்காக 13,000 வெள்ளி வழங்க முன்வந்தார். அவர் 1864இல் காலமானார். நீர்த்தேக்கம் 1860களின் இறுதியில் அமைந்தது. அதிலிருந்து நகருக்குத் தண்ணீர் முறையாக வந்ததோ 1870களின் பிற்பகுதியில்தான். கொடையாளியின் நினைவாக முனிசிபல் கமிஷனர்கள் 1882இல் நிறுவிய நீரூற்றை இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் காணலாம். நீரூற்று அவருடைய புகழை மட்டுமே சொல்லும். அத்தனை ஆண்டுகள் தாமதம் ஏன் ஏற்பட்டது, யார் எதை மறுத்தார்கள், செலவு எவ்வாறு ஏறியது என்பனவற்றை ஏடுகளின் வாயிலாகவே அறிய முடியும். அக்காலத்தில் மாட்டு வண்டிகளில் தண்ணீர் கொண்டு செல்லப்பட்டதை ‘கிரேத்தா ஆயர்’ என்னும் இடப்பெயர் நினைவூட்டுகின்றது. மலாய் மொழியில் அதற்குத் ‘தண்ணீர் வண்டி’ என்று பொருள்.

கட்டட வரைபடங்களும் அரிய செல்வமாகும். 1884 முதலான வரைபடங்கள் இன்றும் காப்பகத்தில் உள்ளன. ஒரு கடைவீட்டில் எத்தனை அறைகள் இருந்தன, சன்னல் இருந்ததா, சமையற்கட்டும் கழிப்பிடமும் எங்கே அமைந்தன என்பதையெல்லாம் அவை காட்டும். நெரிசலும் நோயும் ஏன் பரவின என்பதற்கு அவை ஊமைச் சாட்சிகளாகும். வாளிகளில் கழிவு சேர்த்துச் சுமந்து அகற்றிய முறை சிங்கப்பூரில் 1987 ஜனவரியில்தான் முற்றாக ஒழிந்தது என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார்.

எனினும் இவ்வேடுகளில் ஒரு பெருங்குறை உண்டு. அவற்றை எழுதியவர்கள் அதிகாரிகள். எழுதிய மொழி ஆங்கிலம். சாலை போட்டவர்களிலும் குப்பை வாரியவர்களிலும் தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர். ஆயினும் ஆண்டறிக்கைகளில் அவர்கள் பெரும்பாலும் ஆள் கணக்காகவும் கூலித் தொகையாகவுமே தோன்றுகின்றனர். பொறியியலாளர் மெக்ரிச்சியின் பெயர் நீர்த்தேக்கத்திற்கு வாய்த்தது. மண் சுமந்தவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளுக்கோ ஏடுகளே குறைவு. சரணடையுமுன் அவர்கள் பல ஆவணங்களை அழித்துவிட்டனர். இக்குறைகளை ஓரளவு நிறைவு செய்யவே 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. எழுதத் தெரியாதவரின் நினைவும் அங்கே ஆவணமாக மதிக்கப்படுகின்றது.

காகிதத்திற்குப் பகைவர் பலர். வெப்பமும் ஈரமும் கறையானும் அதனை அரிக்கும். மலிவான காகிதத்திலுள்ள அமிலம் உள்ளிருந்தே அதனைப் பொடியாக்கும். யாவற்றினும் கொடிய பகை, “இது பழைய குப்பை” என்னும் எண்ணமே. அதனைத் தடுக்கவே 1967இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு தேசிய ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. இன்று அது தேசிய நூலக வாரியத்தின் கீழ், கேனிங் ரைஸ் சாலையில் இயங்குகின்றது. பொது ஆவணங்களை அலுவலகங்கள் தம் விருப்பப்படி அழித்துவிட இயலாது.

அரசாங்க ஏட்டில் பெயர் இல்லாதவருக்கு வீட்டு ஏடே வரலாறு. பாட்டனாரின் சம்பளச் சீட்டு, வாடகைப் புத்தகம், லைசென்சு, பழைய நிழற்படம் ஆகியவை பல குடும்பங்களில் இன்னும் பெட்டியடியில் கிடக்கின்றன. அவற்றை ஈரம் படாமல் வைத்து, நிழற்படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெதுவாகக் குறித்து வைத்தாற் போதும். பெரியோர் உயிரோடு இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும். பிறகு சொல்வதற்கு ஆள் இரார்.