உங்களுக்குத் தெரியுமா? பருவநிலை மாநாட்டில் வாக்கெடுப்பு இல்லை

1995இல் பெர்லினில் கூடிய ஐ.நா. பருவநிலை மாநாட்டிலேயே வாக்களிப்பு விதி பற்றி உடன்பாடு எட்டப்படவில்லை. அந்த விதி இன்றுவரை ஏற்கப்படவும் இல்லை. அதனால் முக்கிய முடிவுகளுக்கு எல்லாரும் இசைந்தாக வேண்டும். 2009இல் கோபன்ஹேகனில் சில நாடுகள் மறுத்ததால், தலைவர்கள் பேசி முடித்த உடன்பாட்டை மாநாடு ‘கவனத்தில் கொண்டதோடு’ சரி. வாக்கெடுப்பு வந்தால் பெரிய நாடுகள் விலகிவிடும் என்பது வழக்கமான வாதம். ஒருமித்து ஏற்ற பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்தும்தான் அமெரிக்கா 2020இல் விலகியது! ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் நெறிமுறையோ, இசைவு கிட்டாதபோது சில முடிவுகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கை அனுமதிக்கிறது; உலக நாடுகள் அனைத்தும் அதில் இருக்கின்றன. 2011இல் பாப்புவா நியூகினியும் மெக்சிகோவும் பருவநிலை மாநாட்டுக்கும் கடைசி வழியாக வாக்கெடுப்பு வேண்டும் எனத் திருத்தம் முன்வைத்தன. அதை ஏற்கவும் ஒருமித்த இசைவு கிடைக்கவில்லை.