நிறுத்தாமல் ஓடிய டேப்

‘லைலா’ இசைத்தொகுப்பின் 20-ம் ஆண்டு பதிப்பு 1990-ல் மூன்று குறுந்தகடுகளாக வந்தது. முதல் தகட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடல்கள். இரண்டாவதில் ஐந்து நீண்ட வாசிப்புகள் மட்டும். அவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. ‘ஜாம் 1’, ‘ஜாம் 2’ என்று வெறும் எண்கள்தான். முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், ஒருவர் தொடங்க, மற்றவர்கள் வந்து சேர்ந்து, போகிற போக்கில் வாசிப்பதைத்தான் ராக் கலைஞர்கள் ஜாம் என்பார்கள். நான் அதிகம் திரும்பிப் போவது இந்த இரண்டாவது தகட்டுக்குத்தான்.

1970 ஆகஸ்ட் 26. ‘டெரிக் அண்ட் தி டாமினோஸ்’ குழுவோடு மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் ‘லைலா’வை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். அன்று அந்த ஊரில் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் கச்சேரி. இரு குழுக்களுக்கும் வேண்டியவரான தயாரிப்பாளர் டாம் டௌட், கிளாப்டனை அங்கே அழைத்துப்போய் மேடைக்கு முன்னால் உட்காரவைத்தார். கண்மூடி வாசித்துக்கொண்டிருந்த அக்குழுவின் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் கண் திறந்தார். எதிரே கிளாப்டன்! விரல்கள் நின்றுவிட்டன. பக்கத்தில் இருந்த இன்னொரு கிதார் கலைஞர் டிக்கி பெட்ஸ்தான் வாசிப்பைக் கைமாற்றி வாங்கிக் காப்பாற்றினார்.

கச்சேரி முடிந்து எல்லோரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். இரவு முழுக்க வாசிப்பு. டேப்பை நிறுத்தாமல் ஓடவிட்டார் டௌட். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு நான் கடன்பட்டவன்.

டுவேனின் மோதிர விரலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். சளி மாத்திரை வந்த குப்பி அது. கம்பிமேல் அதை வழுக்கவிட்டால் ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்துபோகும். கிளாப்டனோ விரல் நுனியால் கம்பியை வளைத்து அந்தக் குழைவைக் கொண்டுவருபவர். ஒருவர் 23 வயது, மற்றவர் 25. அறிமுகமான சூட்டோடு, பேச்சுக்குப் பதிலாக கிதாரில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த ஜாம்களில் சில இடங்களில் நிமிடக்கணக்காக எதுவும் நகராது. ஒரே ஸ்வரக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இருபது வருடம் அலமாரியில் கிடந்ததே சரி என்பவர்களும் உண்டு. நான் ஒப்பமாட்டேன். டுவேன் தொடர்ந்து தங்கி, ‘லைலா’வின் 14 பாடல்களில் 11-ல் வாசித்தார். அந்தப் பாடல்களில் இருவருக்கும் உள்ள ஒட்டுறவு எப்படி உண்டானது என்பதை இங்கேதான் கேட்கமுடியும்.

1971 அக்டோபர் 29-ல், ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார். அப்போது வயது 24.

புதிதாகக் கேட்பவர்கள் ‘ஜாம் 4’-லிருந்து தொடங்கலாம். ஆல்மன் குழுவினரும் டாமினோஸும் கலந்து வாசித்தது அது. ஹெட்போனில், ராத்திரியில் கேளுங்கள்.