தோலோடு ஊறும் வெள்ளை ஒயின்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒஸ்லாவியா. அங்கே யோஷ்கோ கிராவ்னர் செய்யும் ஒயின் வெள்ளைத் திராட்சையிலிருந்துதான் வருகிறது. ஆனால் நிறமோ செந்தேன் நிறம். அந்த வட்டாரத்துக்கு ‘கொல்லியோ’ என்ற சட்டப் பாதுகாப்பு பெற்ற பெயர் உண்டு. புட்டியில் அதை அச்சிட வேண்டுமானால், நிறம், மணம், சுவை மூன்றையும் பார்க்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெள்ளை ஒயின் வெளிறித் தெளிந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பாக இருந்தது. கிராவ்னர் அந்தப் பெயரையே விட்டுவிட்டார். விதிகள் தளர்ந்த ‘வெனேசியா ஜூலியா’ வகையில் விற்கிறார்.

இந்த நிறத்தைக் குறையாகப் பார்ப்பது அறிவியலுக்குப் பொருந்தாது என்பேன். ஒயினைக் கெடாமல் காப்பதே அந்த நிறத்துக்குக் காரணமான பொருள்கள்தான்.

நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பது நமக்குத் தெரியும். செல்கள் உடைந்ததும் அவற்றிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பீனால் சேர்மங்களைப் பழுப்பாக்குகிறது. திராட்சைச் சாற்றிலும் இதேதான் நடக்கிறது. வழக்கமான வெள்ளை ஒயினில் பழத்தைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிடுகிறார்கள். எனவே சாற்றுக்குத் தற்காப்பு குறைவு. அந்த வேலையைக் கந்தக டை ஆக்சைடு செய்கிறது: நொதியை அடக்கும், பாக்டீரியாவையும் அடக்கும். இனிப்பில்லாத வெள்ளை ஒயினில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது ஐரோப்பிய வரம்பு.

கிராவ்னர் தோலை எடுப்பதில்லை. ‘ரிபோலா’ திராட்சையின் தடித்த தோலிலும் விதையிலும் துவர்ப்புத் தரும் டானின் இருக்கிறது. சாறு மாதக்கணக்கில் இவற்றோடு ஊறும்போது டானின் அதில் இறங்கி, புகும் ஆக்சிஜனைத் தானே வாங்கிக்கொள்கிறது. சாற்றிலுள்ள புரதங்களைப் பிடித்துப் படிய வைப்பதால் ஒயின் தெளியவும் உதவுகிறது. கந்தகம் சிறிதளவே போதும்.

1996-இல் ஆலங்கட்டி மழை அவருடைய விளைச்சலில் பெரும்பகுதியை அழித்தது. மிஞ்சிய பழத்தில்தான் தோலோடு ஊறவைத்துப் பார்த்தார். 2000-இல், தாழியில் ஒயின் செய்யும் மரபுள்ள ஜார்ஜியா நாட்டுக்குச் சென்றார். மறு ஆண்டே அந்நாட்டுத் தாழிகளில் ஒயின் செய்யத் தொடங்கினார். உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்தளவு மண்ணில் புதைத்த தாழிகள் அவை. நொதிக்கும்போது எழும் வெப்பத்தைச் சுற்றியுள்ள மண் வாங்கிக்கொள்கிறது. குளிரூட்டும் கருவி தேவையில்லை.

ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்டும் சேர்ப்பதில்லை. பழத்தோலில் வந்த காட்டு ஈஸ்டுகள் முதலில் பெருகும். ஆல்கஹால் நான்கைந்து சதவீதம் ஏறியதும் அவற்றில் பல மடியும். அதைத் தாங்கக்கூடிய சாக்கரோமைசிஸ் மிச்சச் சர்க்கரையை முடித்துவைக்கும். ஆபத்தும் இங்கேதான். மேலே மிதக்கும் தோல் காய்ந்தால் அசிட்டிக் பாக்டீரியா குடியேறி ஒயினைக் காடியாக்கிவிடும். அதனால் தோலை அடிக்கடி சாற்றுக்குள் அழுத்திவிட வேண்டும், நொதித்தல் அடங்கியதும் தாழியை மூட வேண்டும். எதையும் சேர்க்காத ஒயின் என்றால் கவனமும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் காடிதான் குடிக்க வேண்டியிருக்கும்.

ஜார்ஜியாவின் தாழி முறையை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பும் 2020-இல் ‘தோலோடு ஊறிய வெள்ளை ஒயின்’ என்று தனி வகையை வரையறுத்தது. குறைந்தது ஒரு மாதம் ஊற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கிராவ்னரின் ரிபோலா ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஊறுகிறது.