அயல்நாட்டில் நம் பெயர்



மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் நம்மவர் வழங்குவர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் புதிதாகச் சென்ற ஒருவனிடம் அங்குள்ள பெரியோர் மூன்று வினாக்களைக் கேட்பர். எந்த ஊர்? யாருடைய பிள்ளை? என்ன குடி? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் அவன் அந்நியன் அல்லன். அவன் நோயுற்றால் வீட்டுக்குச் சொல்லியனுப்ப ஆள் உண்டு. இறந்தால் இன்னாரிடம் உடலை ஒப்படைக்கவேண்டும் என்பதும் தெரியும். ஊரார் நெஞ்சில் எழுதிவைத்த ஒரு பதிவேடு நம்மிடையே என்றும் இருந்துவருகிறது.

கடல் கடந்து செல்பவனுடன் இந்த ஏடு செல்வதில்லை. ஏறாவூர், காத்தான்குடி, வாழைச்சேனை, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி ஆகிய இடங்களிலிருந்தும் படுவான்கரைக் கிராமங்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றிருக்கின்றனர். அங்கே குடி எதுவெனக் கேட்பார் இல்லை. எசமானரின் பெயரும் இக்காமாவில் உள்ள இலக்கமுமே அங்கு ஒருவருக்கு அடையாளம். ஊரின் ஏடு எட்டாத அவ்விடத்தில் அதற்கு ஈடாக நிற்கத்தக்க ஏடு ஒன்று உண்டு. அதுவே நம் நாட்டுத் தூதரகத்தின் பதிவேடு. அதைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

ஒரு நாட்டின் தூதுவர் மற்றொரு நாட்டின் அரசுடன் பேசுபவர். கொன்சல் என்பவரோ தம் நாட்டு மக்களின் காரியங்களைக் கவனிப்பவர். நடுக்காலத்தில் மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் தங்கிய வணிகர், தம் வழக்குகளைத் தீர்க்கவும் தமக்காகப் பேசவும் ஒரு தலைவரை வைத்துக்கொண்டனர். அவ்வழக்கத்திலிருந்து வளர்ந்ததே கொன்சல் பதவி. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வியன்னா நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கை இப்பணிகளை வகுத்துரைக்கின்றது. கைதான அயல்நாட்டவர் கேட்டுக்கொண்டால், அச்செய்தியைக் காலந்தாழ்த்தாது அவரது கொன்சலுக்கு அறிவிக்கவேண்டும் என்று அதன் 36ஆம் உறுப்புரை கூறுகின்றது. அந்த உரிமை தமக்கு உண்டென்பதைக் கைதானவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அயல்நாட்டவர் இறந்தால் கொன்சலுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 37ஆம் உறுப்புரை. ஆனால், செய்தி வந்துசேரும்போது, இறந்தவர் யார், அவருக்கு உரியவர் எங்கேயுள்ளார் என்பன கொன்சலுக்குத் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? பதிவின் பயன் இங்கேதான் தொடங்குகின்றது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் அவசியம். “நான் பணியகத்திற் பதிந்துவிட்டேன், இனி வேறு பதிவு எதற்கு?” என்று பலர் கேட்பதுண்டு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் செய்யும் பதிவு, புறப்படுமுன் இங்கே செய்வது. முதலில் எந்த எசமானரிடம் செல்கிறீர்கள் என்பதை அது காட்டும். ஆறு மாதங்களின்பின் வீடு மாறினாலும் நகரம் மாறினாலும் அந்த ஏடு தானாக அதனை அறியாது. தூதரகப் பதிவோ சென்றடைந்த நாட்டிலே செய்வது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது, இரண்டும் வேண்டும்.

அமைதியான நாளில் இப்பதிவு வெறும் காகிதமாகத் தோன்றும். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுட் புகுந்தது. அங்கே தொழில் செய்த நம்மவர் பெருந்தொகையினர் பாலைவனம் கடந்து, யோர்தானில் அமைந்த முகாம்களில் காத்திருந்து, நாடு திரும்ப நேர்ந்தது. 2006ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லெபனானிற் போர் மூண்டபோது அங்கே பல்லாயிரம் இலங்கைப் பெண்கள் வீட்டுப் பணியில் இருந்தனர். பலரின் கடவுச்சீட்டுகள் எசமானர் கைகளில் இருந்தன. 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவி வானூர்திகள் நின்றபோது, வெளிநாடுகளில் உள்ளோர் தம் விவரங்களைப் பதியும் பொருட்டு நம் வெளிநாட்டமைச்சு மார்ச் மாதத்தில் இணையவழிப் பதிவேடு ஒன்றைத் திறந்தது. அன்று அவசரமாகத் திரட்டிய விவரங்கள் அமைதிக் காலத்திலேயே ஏட்டில் இருந்திருக்குமாயின் எத்துணை உதவியாக இருந்திருக்கும்!

பதிவில் எழுதுவது உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்குத் துயரமான சான்று ஒன்றுண்டு. நமக்கு அயலிலுள்ள மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்னும் இளம்பெண் 2005ஆம் ஆண்டு சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டோ 1982 என்று கூறியது. சென்ற சில வாரங்களில், அவர் பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்ததன்பேரிற் குற்றஞ்சாட்டப்பட்டார். நிகழ்ந்தபோது அவருக்கு வயது பதினேழே என்பதை நிலைநாட்டும் முயற்சிக்கு அந்தக் கடவுச்சீட்டே பெருந்தடையாயிற்று. 2013ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டி எழுதும் முகவர் அன்றைய கூலியை மாத்திரமே எண்ணுகிறார். ஆபத்து வந்தபின், அந்தப் பொய்யை எதிர்த்து நிற்கவேண்டியவர் சென்றவரும் அவருக்காகப் பேச வருபவருமேயாவர்.

இனிப் பிறப்பைப் பற்றிப் பார்ப்போம். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை, பெற்றோர் இலங்கையர் என்பதனாலேயே இலங்கைப் பிரசையாகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. பிறந்து ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள நம் கொன்சல் அலுவலகத்திலேனும், இலங்கையில் அமைச்சரின் அலுவலகத்திலேனும் பிறப்பைப் பதிதல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் அமைச்சர் தவணையை நீடிக்கலாம்.

இச்சட்டம் நம் பகுதியாருக்குச் சிறப்பாக நினைவிருத்தற்குரியது. நம்மிடையே தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியே கொள்வர். ஆனால் மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குப் பிரசாவுரிமை தந்தைவழியேதான் என்று இச்சட்டம் 55 ஆண்டுகள் வைத்திருந்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தமே ‘தந்தை’ என்ற இடத்தில் ‘பெற்றோருள் ஒருவர்’ எனப் பொருள்பட மாற்றியது. ஆகவே அயல்நாட்டவரை மணந்த நம் பெண்ணும் இன்று தன் பிள்ளையைப் பதியலாம். உரிமை வந்துவிட்டது, பதியாதிருந்தால் அவ்வுரிமை ஏட்டில் ஏறாது.

உள்நாட்டுப் போரின்போது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு ஏகி, அங்குள்ள முகாம்களிற் பிள்ளை பெற்ற குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும். அங்குப் பெற்ற பிறப்புச் சான்றிதழுடன் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திற் பதிவு செய்தாலன்றி, நாடு திரும்பும் பிள்ளை பாடசாலை வாயிலிலும் அடையாள அட்டை கேட்கும் இடத்திலும் திகைத்து நிற்க நேரும்.

இங்கே ஒன்றை ஒளியாது கூறுதல் வேண்டும். தம் அரசுக்கு அஞ்சியே நாட்டை விட்டுச் சென்றோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் தூதரக வாயிலை மிதிக்கத் தயங்குவதைக் குறைகூறல் ஆகாது. தம் நாட்டின் பாதுகாப்பைத் தாமே விரும்பி மீண்டும் நாடியவருக்கு அகதிநிலை நீங்கலாம் என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் கூறுகின்றது. அத்தகையோர் சட்டமறிந்தவரைக் கலந்த பின்னரே எதனையும் செய்தல் நன்று.

கொன்சல் செய்ய இயலாதனவும் உள. அந்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை அவர் மாற்ற முடியாது. சிறையைத் திறந்துவிட முடியாது. உங்கள் கடனைத் தீர்க்கவும் அவருக்குக் கடமையில்லை. சிறையிற் சென்று காணலாம். சட்டத்தரணியை நாட உதவலாம். தற்காலிகப் பயணப் பத்திரம் வழங்கலாம். இறந்தவரின் உடலையும் நிலுவைச் சம்பளத்தையும் உரியவரிடம் சேர்க்க முயலலாம். இவையெல்லாம் அவர் உங்களை அறிந்திருந்தால் விரைவில் நடக்கும். அறியாதிருந்தால் தேடுவதிலேயே நாள் கழியும்.

பதிவதற்கு வேண்டியவை மிகச் சில. கடவுச்சீட்டில் உள்ளவாறு முழுப்பெயர், அதன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், அங்குள்ள முகவரியும் தொலைபேசியும், எசமானரின் பெயர், இங்கே அறிவிக்கவேண்டியவரின் பெயர், அவரது கிராம உத்தியோகத்தர் பிரிவும் பிரதேச செயலகமும். ஊர்ப் பெயரை மாத்திரம் எழுதினாற் போதாது. ஒரே பெயருடைய ஊர்கள் இலங்கையிற் பல உள. முகவரி மாறியபோதெல்லாம் ஏட்டையும் மாற்றச் செய்யுங்கள்.

“வீட்டை விட்டு வெளியே செல்லவே விடாத எசமானரிடம் இருக்கும் பெண் என்ன செய்வாள்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவளுக்காக வீட்டார் செய்யத்தக்கது உண்டு. புறப்படுமுன் கடவுச்சீட்டு, ஒப்பந்தம், விசா ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து வையுங்கள். போய்ச் சேர்ந்த கிழமையே முகவரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொடர்பு அறுந்தால் முகவரின் சொல்லை நம்பி மாதக்கணக்கிற் காத்திராது, பணியகத்துக்கும் கொழும்பிலுள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் அலுவல்கள் பிரிவுக்கும் அப்பிரதிகளுடன் முறையிடுங்கள். பிரதிகளில் ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும் எத்தனை வீடுகளின் பத்திரங்களைக் கொண்டுபோயின என்பதை நம் கரையாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையில் மக்கள் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தனர். ஏறியவர் யார் என்பதை உடன் நின்றவர் அறிவர். அக்கரை சேரவில்லையெனில் அன்று மாலையே தேடத் தொடங்குவர். கடலுக்கு அப்பாலும் அவ்வாறு நம்மைத் தேடுவதற்கு ஒருவர் வேண்டும். அவர் தேடத் தொடங்குவதற்கு ஒரு பெயர் வேண்டும். நேயர்களே, வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளையோடு அடுத்த முறை பேசும்போது, “உண்டாயா? உறங்கினாயா?” என்று கேட்பதோடு, “பெயரைப் பதிந்தாயா?” என்றும் கேளுங்கள்.