பூட்டின வீட்டுல லைட் எரியுது!

வருஷக்கணக்கா பூட்டிக் கிடக்குற எதிர்வீட்டுல திடீர்னு ஒரு ராத்திரி லைட் எரிஞ்சா என்ன பண்ணுவீங்க? ஓனர் வந்துட்டாரா, வேற யாராவது புகுந்துட்டாங்களானு எட்டிப் பார்ப்பீங்கதானே? இன்டர்நெட்லயும் இப்படிப் பூட்டின வீடுகள் ஏகப்பட்டது உண்டு. யார் பெயரிலோ பதிவாகி, யாருமே பயன்படுத்தாமல் தூங்கும் ஐ.பி. முகவரிகளும் நெட்வொர்க் எண்களும்தான் அவை. அதை எட்டிப் பார்க்கறதையே வேலையா வெச்சிருக்கவங்களும் இருக்காங்க.

2021 ஜனவரி 20. ட்ரம்ப் போய் பைடன் வருகிற நாள். வாஷிங்டனில் பகல் 12 மணிக்குப் பதவி கைமாறணும். 11.57-க்கு (நமக்கு ராத்திரி 10.27), பத்து வருஷத்துக்கு மேல் மூச்சுக் காட்டாமல் இருந்த 8003 என்ற நெட்வொர்க் எண் கண் விழித்தது. '11-ல் ஆரம்பிக்கும் முகவரிகளுக்கு வழி என்கிட்டதான்' என்று உலகத்துக்கே அறிவித்தது. அந்த முகவரிகளின் சொந்தக்காரர் யார் தெரியுமா? பென்டகன்! அறிவித்ததோ ஃபுளோரிடாவில் இருந்த, யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி. ஏப்ரலுக்குள் கணக்கு கிட்டத்தட்ட 17.5 கோடி முகவரிகள் வரைக்கும் போயிடுச்சு. பழைய ஐ.பி. வகையில் மொத்தமே சுமார் 430 கோடிதான்!

கென்டிக் நிறுவனத்தின் டக் மடோரி போன்றவர்கள் இதை அலசி எழுத, பென்டகன் வாய் திறந்தது. தன் முகவரிகளை யாரும் அனுமதியில்லாமல் பயன்படுத்துறாங்களானு பார்க்க நடத்திய சோதனையாம். அதே வருஷம் செப்டம்பரில் எல்லாம் பென்டகனின் சொந்த எண்ணுக்கே திரும்பிவிட்டது. 'ஏன் அந்தக் கம்பெனி, ஏன் அந்த மூணு நிமிஷம்?' எனக்கு இன்னும் குடைச்சல்தான்.

எல்லா லைட்டும் ஓனர் போட்டதா இருக்காது பாஸ். நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்ல பி.ஜி.பி. என்ற புரோட்டோகாலைப் பயன்படுத்துகின்றன. 1989-ல் வந்த அது, அடுத்தவன் சொன்னா அப்படியே நம்பும் வெள்ளந்தி. திருடனுக்கு அது போதாதா? இழுத்து மூடின கம்பெனி ஒன்றைத் தேடுவான். பதிவேட்டில் இருக்கும் இ-மெயிலின் டொமைன் காலாவதியாகியிருந்தால், அதைச் சில நூறு ரூபாயில் வாங்கிடுவான். அப்புறம் அந்த மெயிலிலிருந்தே 'நான்தான் ஓனர்' என்பான். காலிமனைக்குப் போலிப் பட்டா போடற அதே டெக்னிக்! கறைபடாத அந்த முகவரிகளிலிருந்து ஸ்பாம் மெயில் கொட்டும். பெயர் கெடுவது பழைய ஓனருக்கு.

அதான் கண்காணிப்பு. ஆரிகான் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ், ஐரோப்பாவின் ரைப் அமைப்பு இரண்டும் உலகம் பூரா நடக்கும் பி.ஜி.பி. பேச்சைச் சேமித்து இலவசமா தருகின்றன. இன்னொரு பக்கம், யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக்கில் கிடைக்கும். பட்டியலில் இருந்து, பேச்சில் இல்லாதது தூங்குது. தூங்கினது பேசினா அலாரம். அவ்ளோதான் லாஜிக்.

ஓனரும் சும்மா இருக்க வேண்டாம். 'என் முகவரியை யாரும் அறிவிக்கக் கூடாது' என்று பூஜ்யம் எண்ணைக் குறித்து டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். அதைச் சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் திருடனின் அறிவிப்பைக் கழித்துவிடும். சரிபார்க்காதவை? வழக்கம்போல நம்பும்.

ஹாஸ்டலில் நானும் ஐம்பது தூங்குமூஞ்சி எண்களுக்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் நாளே அலாரம்! ரூம்மேட்டை எல்லாம் எழுப்பி சீன் போட்டேன். பார்த்தா, ஒரு எண்ணை நான்தான் தப்பா டைப் பண்ணியிருக்கேன். திருத்திட்டேன். மூணு வாரமா ஓடுது, ஒரு லைட்டும் எரியலை.